மாடிஃபை செய்த காருக்கு எவ்வளவு பெனால்டி போட்டால் நியாயம்? அமெச்சூர் ரேஸ் விதிகள்: ஒரு விளக்கம்

வார நாட்களில் ஆபீஸுக்கு ஓட்டும் அதே ஹேட்ச்பேக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்று வச்சுக்கோங்க. கட்டணமும் கட்டியாச்சு. 1,400 சிசிக்குக் கீழே உள்ள கார்கள் எல்லாம் ஒரே வகுப்பு என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் கார் ஷோரூமிலிருந்து வந்தபடியே இருக்கிறது. பக்கத்தில் நிற்பதும் அதே மாடல்தான். ஆனால் அதில் இசியு ரீமேப் செய்திருக்கிறார்கள், சஸ்பென்ஷனை மாற்றியிருக்கிறார்கள், டயர் ட்ராக்குக்கானது, பின் சீட்டே இல்லை. ஒரு லாப்புக்கு ஆறு செகண்ட் வித்தியாசம் என்றால், ஓட்டுவதில் நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதை எங்கே போய்ப் பிடிப்பீர்கள்?

இப்போது அந்த இன்னொருவர் பக்கம் நின்று பாருங்கள். அவர் பல வார இறுதிகளை கேரேஜில் செலவழித்து அந்தக் காரைத் தயார் செய்திருக்கிறார். மாற்றவே கூடாது என்று சொன்னால் அவர் வரமாட்டார். அவரைப் போன்றவர்களுக்கு காரை மாற்றிப் பார்ப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் பாதி சந்தோஷம்.

இந்த இரண்டு பேரையும் ஒரே ட்ராக்கில் ஓடவைக்க கிளப்புகள் கண்டுபிடித்த வழிதான் பெனால்டி. காரை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை நேரமாகவோ, எடையாகவோ, லாப் எண்ணிக்கையாகவோ இருக்கலாம். எவ்வளவு விலை வைப்பது என்பதில்தான் எல்லாச் சண்டையும்.

இது சின்ன விஷயம் போலத் தெரியலாம். ஆனால் டிவி உரிமையோ பெரிய ஸ்பான்சரோ இல்லாத அமெச்சூர் ரேஸ், பங்கேற்பவர்கள் கட்டும் பணத்தில்தான் நடக்கிறது. விதி ஒருதலைப்பட்சம் என்று தோன்றினால் மெதுவான கார் வைத்திருப்பவர்கள் சத்தமில்லாமல் நின்றுவிடுவார்கள். இருபது கார் வந்த இடத்தில் அடுத்த சீசன் பத்து வந்தால், அதே ட்ராக் வாடகையை அந்தப் பத்துப் பேர்தான் பங்கிட வேண்டும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வருபவருக்கு அப்போதே கதவு மூடிவிடுகிறது.

சரி, நியாயமான பெனால்டி என்றால் என்ன? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பெனால்டி வேறு, தண்டனை வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'இதை மாற்றியிருக்கிறேன்' என்று முன்கூட்டியே சொல்லி, அதற்கான பெனால்டியை ஏற்றுக்கொண்டு ஓடுவது ஒரு விஷயம். மாற்றியதை மறைத்து ஓடுவது முற்றிலும் வேறு. முன்னது விலை, பின்னது மோசடி.

மோசடி விஷயத்தில் உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏவின் சர்வதேச விளையாட்டு விதித்தொகுப்பு கறாரானது. கார் தொழில்நுட்ப விதிக்கு உட்படவில்லை என்று தெரிந்த பிறகு, 'அதனால் எனக்கு ஒரு வேகமும் கூடவில்லை' என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்று அது தெளிவாகவே சொல்கிறது.

இதற்கு மிகவும் பேசப்பட்ட உதாரணம் 1995 உலக ராலி சாம்பியன்ஷிப். டர்போவுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் ரெஸ்ட்ரிக்டரை டொயோட்டா அணி தந்திரமாக வடிவமைத்திருந்தது. சோதனைக்காகக் கழற்றினால் விதிப்படி இருப்பதுபோலவே தெரியும். மாட்டிய பிறகு காற்று சுற்றிப் போக வழி இருக்கும். கண்டுபிடிக்கப்பட்டபோது அந்த ஆண்டின் புள்ளிகள் பறிக்கப்பட்டன, அணிக்கு 12 மாதத் தடையும் விதிக்கப்பட்டது.

கிளப் ரேஸிலும் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டுவைக்க வேண்டும். சொல்லிவிட்டு மாற்றியவருக்கும் மறைத்து மாற்றியவருக்கும் ஒரே அடி விழுந்தால், யாருமே உண்மையைச் சொல்லமாட்டார்கள்.

இந்தியாவில் என்ன நடைமுறை?

இந்தியாவில் மோட்டார் விளையாட்டை நிர்வகிப்பது எஃப்எம்எஸ்சிஐ எனப்படும் இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு. இதன் கீழ் நடக்கும் தேசிய கார் பந்தயங்களில் இந்தியன் டூரிங் கார்ஸ், இந்தியன் ஜூனியர் டூரிங் கார்ஸ், சூப்பர் ஸ்டாக் என்று வகுப்புகள் உண்டு. எந்த வகுப்பில் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தொழில்நுட்ப விதி இருக்கிறது.

இன்னொரு வழி, எல்லோருக்கும் ஒரே கார். 1980களின் இறுதியில் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்கள் இந்த வழியில் வந்தவைதான். பிறகு வந்த ஃபார்முலா எல்ஜிபி 4 காரில் மாருதியின் 1,300 சிசி இன்ஜின். 2010-ல் தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் போலோ கப்பும் இதே வகை. கார் ஒன்றாக இருந்தால் பெனால்டி சண்டைக்கே பெரிதாக வேலை இல்லை.

ஆனால் நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் காரை ஓட்ட வேண்டும் என்றால்? ஆட்டோகிராஸ், டைம் அட்டாக், டிராக் ரேஸ் போன்ற கிளப் நிகழ்ச்சிகளில் ஸ்விஃப்ட்டும் போலோவும் சிட்டியும் கலந்துதான் நிற்கும். அங்கே பெரும்பாலும் பயன்படும் அளவுகோல் இன்ஜின் சிசி. கார் புத்தகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பதால் அது சுலபம். ஆனால் அது போதாது.

ஏன் போதாது? டர்போ இருந்தால் சின்ன இன்ஜினும் பெரிய இன்ஜின் மாதிரி இழுக்கும். அதனால்தான் எஃப்ஐஏ விதிகளில் டர்போ பெட்ரோல் இன்ஜினின் சிசியை 1.7 ஆல் பெருக்குகிறார்கள். 1,197 சிசி டர்போ கார் இந்தக் கணக்கில் 2,035 சிசி ஆகிவிடும். இந்தப் பெருக்கலைச் செய்யாமல் சிசியை மட்டும் பார்க்கும் நிகழ்ச்சியில், டர்போ இல்லாத 1,200 சிசி காருடன் போனால் நீங்கள் தோற்பது அநேகமாக முதல் லாப்பிலேயே தெரிந்துவிடும்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவில் சொந்த காரில் ஓடும் அமெச்சூர் ரேஸ் மிகவும் பரவலானது. பெனால்டியில் அங்கே பல வழிகளை முயன்று பார்த்துவிட்டார்கள். ஐந்து வழிகளைப் பார்ப்போம்.

1. காருக்கு விலை வரம்பு. 24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ் என்ற பந்தயத் தொடர் 2006-ல் தொடங்கியது. காரின் மதிப்பு 500 டாலருக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு 10 டாலருக்கும் ஒரு பெனால்டி லாப். அதாவது 1,000 டாலர் கார் என்று நடுவர்கள் முடிவு செய்தால், ரேஸ் தொடங்கும்போதே 50 லாப் பின்தங்கியிருப்பீர்கள். மதிப்பை முடிவு செய்வது நடுவர்களின் கண்தான். கொஞ்சம் கேலியும் கிண்டலும் கலந்த தொடர் என்பதால் அங்கே இது எடுபடுகிறது. பணப் பரிசு சமாச்சாரமாக இருந்தால் நடுவரின் கணிப்பை மட்டும் நம்பி இப்படி நடத்துவது கஷ்டம்.

2. பாகத்துக்குப் புள்ளி. சாம்ப்கார் என்ற எண்டூரன்ஸ் தொடரில் ஒவ்வொரு மாடலுக்கும் ஓர் ஆரம்பப் புள்ளி உண்டு. கூடுதலாகப் பொருத்தும் பாகங்களுக்குப் புள்ளி கூடும். மொத்தம் 500-க்குள் இருந்தால் பெனால்டி இல்லை. தாண்டினால் பெனால்டி லாப். வீட்டில் உட்கார்ந்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்பது இதில் பெரிய வசதி.

3. எடைக்கும் சக்திக்கும் உள்ள விகிதம். அமெரிக்காவின் நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன் சுருக்கமாக நாசா என்றே அழைக்கப்படுகிறது. ராக்கெட் விடும் நாசா இல்லை! இதன் எஸ்டி3 வகுப்பில் ஒரு ஹெச்பிக்கு 10 பவுண்டு, எஸ்டி4-ல் 12 பவுண்டு என்று ஓர் எல்லை இருக்கிறது. என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், விகிதம் எல்லைக்குள் இருந்தால் சரி. டயர் போன்ற சிலவற்றுக்கு மட்டும் தனியாகக் கூட்டல் கழித்தல் உண்டு.

4. நேரத்தைப் பெருக்கும் எண். கோன்களுக்கு நடுவே தனித்தனியாக ஓட்டும் ஆட்டோகிராஸில் இது பிரபலம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு குறியீட்டு எண். உங்கள் நேரத்தை அதால் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு, சாதாரண கார் வகுப்பின் எண் 0.82 என்றும் மாற்றிய கார் வகுப்பின் எண் 0.87 என்றும் வைப்போம். சாதாரண கார் 50 செகண்டில் முடித்தால் கணக்கில் 41.0. மாற்றிய கார் 47.5 செகண்டில் முடித்தால் 41.325. தரையில் இரண்டரை செகண்ட் மெதுவாக வந்தவர் இங்கே ஜெயிக்கிறார். அமெரிக்காவில் பாக்ஸ் என்று அழைக்கப்படும் இந்த எண்களை முந்தைய போட்டிகளின் உண்மையான முடிவுகளை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

5. நீங்களே சொல்லும் நேரம். டிராக் ரேஸில் பிராக்கெட் என்ற முறை உண்டு. உங்கள் கார் எத்தனை செகண்டில் முடிக்கும் என்று முன்பே எழுதிக்கொடுக்க வேண்டும். நீங்கள் 15.0, எதிராளி 13.0 என்றால் உங்களுக்கு இரண்டு செகண்ட் முன்னதாகப் பச்சை விளக்கு எரியும். ஆனால் நீங்கள் 14.9-ல் முடித்தால், சொன்னதைவிட வேகமாக வந்ததற்காகத் தோல்வி. இங்கே யாரும் உங்கள் பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு லாப் பெனால்டி என்றால் உண்மையில் எவ்வளவு?

பெனால்டி நியாயமா இல்லையா என்பதை ஒரு சின்னக் கணக்கில் சோதிக்கலாம். ஃபோனில் கால்குலேட்டர் இருந்தால் போதும்.

ஒரு லாப் இரண்டு நிமிடம் என்று வச்சுக்கோங்க. எட்டு மணி நேர ரேஸில் சுமார் 240 லாப். ஒரு பாகத்தை மாற்றியதால் லாப்புக்கு அரை செகண்ட் மிச்சமாகிறது என்றால், மொத்தம் 120 செகண்ட் லாபம். அதாவது சரியாக ஒரு லாப். அந்தப் பாகத்துக்கு ஒரு லாப் பெனால்டி போட்டால் கணக்கு நேராகிவிடும்.

இதே விதியை 24 மணி நேர ரேஸுக்கு எடுத்துப் போங்கள். 720 லாப், 360 செகண்ட், அதாவது மூன்று லாப் லாபம். ஆனால் கொடுக்கும் விலை இன்னும் ஒரு லாப்தான். பாகத்தை வாங்க வசதி உள்ளவருக்கு இரண்டு லாப் இலவசம். இரண்டு மணி நேர ரேஸில் நிலைமை தலைகீழ். 60 லாப்பில் மிச்சமாவது 30 செகண்ட், பெனால்டியோ இரண்டு நிமிடம். மாற்றியவர் ஜெயிக்க வழியே இல்லை.

ஆக, 'இந்தப் பாகத்துக்கு இத்தனை லாப்' என்று எல்லா ரேஸுக்கும் ஒரே எண்ணை எழுதிவைத்திருக்கும் விதி பார்ப்பதற்குச் சமமாகத் தெரிந்தாலும் நியாயமானது இல்லை. ரேஸின் நீளத்தோடு பெனால்டியும் நீள வேண்டும், குறைய வேண்டும். நூறு லாப்புக்கு இத்தனை செகண்ட் என்று எழுதினாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

ஒரே மாற்றம், வேறு வேறு பலன்

அடுத்த சிக்கல் கொஞ்சம் நுட்பமானது. இசியு ரீமேப் என்றால் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரில் எரிபொருள், இக்னிஷன், டர்போ அழுத்தம் ஆகியவற்றின் அளவுகளை மாற்றி எழுதுவது. டர்போ இல்லாத இன்ஜினில் இதனால் கிடைக்கும் கூடுதல் சக்தி கொஞ்சம்தான். டர்போ இன்ஜினில் அழுத்தத்தைக் கூட்ட முடியும் என்பதால் பலன் பல மடங்கு.

உதாரணத்துக்கு இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். முதல் கார் டர்போ இல்லாதது. 75 கிலோ டிரைவரோடு சேர்த்து 975 கிலோ, 85 ஹெச்பி. ஒரு ஹெச்பிக்கு 11.5 கிலோ. ரீமேப் செய்து 89 ஹெச்பி ஆனால் 11.0 கிலோ. இரண்டாவது டர்போ கார். டிரைவரோடு 1,175 கிலோ, 105 ஹெச்பி. ஒரு ஹெச்பிக்கு 11.2 கிலோ. ரீமேப் செய்து 135 ஹெச்பி ஆனால் 8.7 கிலோ.

முதலில் இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருந்தன. ரீமேப்புக்குப் பிறகு இரண்டும் ஒரே வகுப்பில் ஓடக்கூடிய கார்களே இல்லை. விதிப் புத்தகத்தில் 'ரீமேப்: 10 புள்ளி' என்று ஒரே வரி இருந்தால், 4 ஹெச்பி வாங்கியவரும் 30 ஹெச்பி வாங்கியவரும் ஒரே விலை கொடுக்கிறார்கள். பாகத்தின் பெயருக்குப் பெனால்டி போடுவதில் உள்ள ஓட்டை இதுதான். பலனைப் பார்த்துப் போட வேண்டும்.

ட்ராக்கும் கணக்கை மாற்றும். கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத் சர்வதேச சர்க்யூட் 5.1 கிலோமீட்டர். அதில் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும் நேர்ப்பாதை இருக்கிறது. அங்கே ஹெச்பிதான் ராஜா. கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான். வளைவுகளில் நேரத்தைத் தக்கவைப்பது அங்கே பெரிய விஷயம் என்பதால் டயருக்கும் குறைந்த எடைக்கும் மதிப்பு கூடும். ஒரு ட்ராக்கில் சரியாக இருந்த பெனால்டி இன்னொன்றில் கோணலாகத் தெரிவதற்கு யாருடைய சதியும் காரணம் இல்லை.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இன்ஜினையே பார்ப்பார்கள். ஆனால் வளைவில், பிரேக் போடும் இடத்தில், வெளியே வரும் இடத்தில் என்று லாப்பின் பெரும்பகுதியில் வேகத்தை முடிவு செய்வது ரப்பர்தான். நல்ல டயரை இரண்டு ரேஸுக்கு ஒரு முறை மாற்ற முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் உள்ள இடைவெளி, அப்பட்டமான பண இடைவெளி. அதனால்தான் பல தொடர்கள் எல்லோருக்கும் ஒரே டயர் என்றோ, குறிப்பிட்ட அளவுக்கு மேல் மென்மையான ரப்பர் கூடாது என்றோ விதி வைக்கின்றன. ஒரு கிளப் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கட்டுப்படுத்த முடியும் என்றால், டயரில் தொடங்குவது புத்திசாலித்தனம்.

ஜெயித்தவருக்குப் பெனால்டி போடலாமா?

சில தொடர்களில் காரைப் பார்க்காமல் முடிவைப் பார்த்துப் பெனால்டி போடுவார்கள். முந்தைய ரேஸில் ஜெயித்தவரின் காரில் கூடுதல் எடை ஏற்றுவது ஒரு வழி. பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் 2021 வரை இந்த முறை இருந்தது. பார்வையாளர்களுக்கு இது சுவாரசியம், யாரும் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டே போக முடியாது.

அமெச்சூர் ரேஸுக்கு இதைக் கொண்டுவருவதில் ஓர் அடிப்படைப் பிரச்னை இருக்கிறது. சாதாரண காரில் நன்றாக ஓட்டி ஜெயித்தவருக்கும், சுமாராக ஓட்டி காரின் பலத்தால் ஜெயித்தவருக்கும் ஒரே எடைதான் ஏறும். திறமைக்கே அபராதம் கட்டச் சொல்வது போல அது. கூடவே இன்னொரு பழக்கமும் வரும். முக்கியமில்லாத ரேஸில் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி, எடையைத் தவிர்த்து, முக்கியமான ரேஸில் முழு வேகம் காட்டுவார்கள். பயிற்சி செய்து முன்னேற வந்தவர்களுக்கு இது மெதுவாக ஓட்டக் கற்றுக்கொடுக்கிறது.

ஒரு சீசன் முழுக்க ஒரே மாடல் கார், யார் ஓட்டினாலும், ஜெயித்துக்கொண்டே இருந்தால் அது வேறு. அப்போது அந்த மாடலுக்கான எண்ணைத் திருத்தலாம். ஆனால் சீசன் முடிந்த பிறகு, காரணத்தை எழுத்தில் சொல்லி.

எதற்குப் பெனால்டி போடவே கூடாது?

பாதுகாப்புக்கு. ரோல் கேஜ், ரேஸ் சீட், பல முனை சீட் பெல்ட், தீயணைப்பான், நல்ல பிரேக் பேட்.

லெமன்ஸ் தொடரின் 500 டாலர் கணக்கில்கூட பாதுகாப்புச் சாதனங்கள், பிரேக், வீல், டயர் சேராது. காரணம் எளிது. பிரேக்குக்கும் புள்ளி, இன்ஜினுக்கும் புள்ளி என்றால், புள்ளி மிச்சம் பிடிக்க முதலில் பிரேக்கைத்தான் விட்டுவிடுவார்கள். அதன் விலையைக் கொடுப்பது அவர் மட்டும் இல்லை, வளைவில் அவருக்கு முன்னால் போகும் நீங்களும்தான்.

இதில் சின்னதாக ஒரு சர்ச்சை உண்டு. நல்ல பிரேக் இருந்தால் லாப் நேரமும் குறையும், அப்படியானால் அதுவும் வேகம்தானே என்று கேட்பார்கள். உண்மைதான். டயரைப் போலவே இதிலும் எல்லோருக்கும் ஒரே வரம்பு வைக்கலாம். பாதுகாப்பை விட்டுக்கொடுத்தால்தான் ஜெயிக்கலாம் என்ற நிலையை மட்டும் உருவாக்கக் கூடாது.

அளப்பது யார்? நம்புவது எப்படி?

எவ்வளவு நல்ல விதியாக இருந்தாலும், அளக்க முடியாவிட்டால் அது வெறும் காகிதம். கிளப் நிகழ்ச்சியில் காரைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியரிடம் பெரிய லேப் கிடையாது. ஒரு எடை மேடை, சில அளவுகோல்கள், அனுபவம். ஆகவே விதியை எழுதும்போதே 'இதை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நிமிடத்தில் சோதிக்க முடியுமா?' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். எடை, டயர், வெளியே தெரியும் பாகங்கள் ஆகியவற்றை முடியும். கேம்ஷாஃப்டை முடியாது.

ஹெச்பியை அளக்கும் டைனோவும் முழுதாக நம்பக்கூடியது இல்லை. ஒரே கார் இரண்டு வெவ்வேறு டைனோக்களில் இரண்டு எண்ணைக் காட்டும். வெயில், காற்றின் ஈரப்பதம், டயர் அழுத்தம் எல்லாமே எண்ணைப் பாதிக்கும். சக்கரத்தில் அளக்கும் சக்தி, நிறுவனம் விளம்பரத்தில் சொல்லும் இன்ஜின் சக்தியைவிடக் குறைவாகத்தான் வரும். உச்ச சக்தியை மட்டும் பார்த்தால், அதைக் குறைத்துவைத்து நடு வேகத்தில் முழுதாக இழுக்கும்படி டியூன் செய்பவர்களும் உண்டு. அதனால் நாசா அமைப்பு குறிப்பிட்ட ஆர்பிஎம் எல்லைக்குள் சராசரி சக்தியைக் கணக்கில் எடுக்கிறது. குறைந்தபட்சம், எல்லாக் கார்களும் ஒரே டைனோவில், ஒரே நாளில் ஏற வேண்டும்.

சோதனையே தேவைப்படாத ஒரு பழைய தந்திரமும் இருக்கிறது. அமெரிக்காவின் மண் ட்ராக்குகளில் 'கிளெய்ம்' விதி என்பார்கள். ஜெயித்தவரின் இன்ஜினை, முன்பே நிர்ணயித்த விலைக்கு, தோற்றவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒரு லட்சம் ரூபாய்க்குக் கொடுக்க வேண்டிவரும் என்று தெரிந்தால், அதில் ஐந்து லட்சம் யார் போடுவார்கள்? ஆசைக்குக் கடிவாளம் அதுவாகவே விழுந்துவிடும்.

சந்தேகம் வந்தால் புகார் கொடுக்கவும் வழி வேண்டும். எஃப்ஐஏ விதித்தொகுப்பின்படி புகாரை எழுத்தில், கட்டணத்தோடு கொடுக்க வேண்டும். ரேஸ் முடிவைப் பற்றிய புகார் என்றால் தற்காலிக முடிவு வெளியான 30 நிமிடங்களுக்குள். புகார் சரி என்று நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பேடாக்கில் முணுமுணுப்பதால் எதுவும் மாறாது, கடிகாரம்தான் ஓடும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

அடுத்த முறை ஒரு கிளப் நிகழ்ச்சியின் அறிவிப்பைப் பார்த்தால், ஏற்பாட்டாளர்களிடம் இவற்றைக் கேளுங்கள். தயங்க வேண்டாம், நல்ல ஏற்பாட்டாளருக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கவே செய்யும்.

1. வகுப்பு எப்படிப் பிரிக்கப்படுகிறது? சிசி மட்டுமா, டர்போவுக்குத் தனிக் கணக்கு உண்டா?
2. எந்த மாற்றத்துக்கு என்ன பெனால்டி என்பது ரேஸுக்கு முன்பே எழுத்தில் இருக்கிறதா?
3. ரேஸின் நீளத்துக்கு ஏற்ப பெனால்டி மாறுமா?
4. டயருக்கு என்ன வரம்பு?
5. சோதனை எப்போது, யாருக்கு? முதல் மூன்று இடங்களுக்கு மட்டுமா, எல்லோருக்குமா?
6. நடு சீசனில் விதி மாறுமா? மாறினால் எத்தனை நாள் முன்பு சொல்வார்கள்?

இரண்டாவது கேள்விக்கு 'அங்கே வந்து பார்த்துக்கலாம்' என்று பதில் வந்தால், முதல் முறை பார்வையாளராக மட்டும் போய்விட்டு வருவது நல்லது.

நீங்கள் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. காரைப் பழையதாக வாங்கியிருந்தால், முந்தைய உரிமையாளர் என்ன மாற்றினார் என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் ஓட்டினேன் என்பது எந்த ஸ்டூவர்டிடமும் எடுபடாது.

ட்ராக்கில் சரி, ரோட்டில்?

இந்தியாவில் இதை மறந்தால் பர்ஸ் பழுத்துவிடும். ட்ராக்கில் பெனால்டி கட்டி அனுமதிக்கப்படும் மாற்றம், பொதுச் சாலையில் சட்ட விரோதமாக இருக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளரின் அசல் விவரங்களில் இருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

பொதுச் சாலையில் அனுமதியின்றி ரேஸ் ஓட்டினால் 189-வது பிரிவு பாயும். முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இன்ஷூரன்ஸையும் பாருங்கள். வழக்கமான கார் பாலிசியில் ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றுக்குக் காப்பீடு கிடையாது. ட்ராக்கில் சுவரில் மோதினால் செலவு முழுக்க உங்களுடையது. காரை நிறைய மாற்றியவர்கள் அதை ட்ராக்குக்கு டோ டிரக்கில் ஏற்றிக் கொண்டுவருவது பந்தாவுக்காக மட்டும் இல்லை.

சரி, எதுதான் நியாயம்?

எல்லாக் கார்களையும் மில்லி செகண்ட் வரை சமமாக்கும் விதி எந்த நாட்டிலும் இல்லை, கோடிகள் புரளும் தொழில்முறைப் பந்தயங்களிலும் இல்லை. அமெச்சூர் ரேஸுக்கு அது தேவையும் இல்லை. பெனால்டி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். யாரும் அளந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். பாகத்தின் பெயருக்கோ ஓட்டுபவரின் திறமைக்கோ விழாமல், மாற்றத்தால் கிடைத்த வேகத்துக்கு விழ வேண்டும். பாதுகாப்பைத் தொடக் கூடாது.

இந்த நான்கும் இருந்தால், மேலே சொன்ன இருவரில் யார் ஜெயித்தாலும் தோற்றவர் அடுத்த ஞாயிறும் வருவார். ஒரு கிளப்பின் விதிப் புத்தகம் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள, கடைசி இடத்தில் வந்த கார் அடுத்த ரேஸுக்கும் பெயர் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.